அந்தப் பையன் பேச ஒரு வாரம் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்க பேப்பரோட ஞாயிறு இணைப்புல வர்ற குத்துச்சண்டை தொடர்கதை பத்தி எழுதுறேன். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில வந்த அத்தனை லெட்டரும், அந்தக் கதையில தன்னை வளத்த மாஸ்டரை விட்டுட்டுப் போன பாக்ஸர் பையனைத் திட்டித்தான் இருந்துச்சு. நன்றி கெட்டவன், குரு துரோகி, வளர்த்த கடா மார்ல பாஞ்சிடுச்சு, ஏறி வந்த ஏணியை எட்டி உதைச்சிட்டான், இப்படி. ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போயி, அடுத்த ஃபைட்ல அவன் கை உடைஞ்சு மாஸ்டர் கால்ல வந்து விழுற மாதிரி கதையை முடிங்கன்னு கதாசிரியருக்கே சொல்லிக் குடுத்திருக்காரு. படிச்சதுல இருந்து மனசே ஆறல. கற்பனைக் கதைதான், தெரியும். ஆனா தேவனாம்பட்டினம், திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் மைதானம்னு எங்க கடலூர்ல வெச்சு எழுதுற கதை, இந்த ஊர்ல நெஜமாவே பேக் குத்துற பசங்க வீட்டுலயும் அந்தப் பேப்பர் வருது, டீக்கடையில அந்தப் பசங்களைப் பாத்து "நீயும் அவனை மாதிரி பண்ணிடாதடா"ன்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சு, அதான் எழுதுறேன்.

நான் ரிங்ல ஏறினவ இல்ல. கடலூர் முதுநகர்ல குடியிருக்கேன், ஒரு மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்குறேன். என் தம்பி பாக்ஸர். பள்ளிக்கூடம் படிக்கிறப்போ இருந்து அவனோட பேண்டேஜ் துணியைத் துவைச்சு கொடியில போட்டதும், வேர்வையில ஊறிப்போன க்ளவுஸுக்குள்ள உங்க பேப்பரைத்தான் சுருட்டி வெச்சு காய வெச்சதும், போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி அவன் தூங்காம பொரண்டு பொரண்டு படுத்ததும் எல்லாம் பாத்தவ நான். அந்த உரிமையில எழுதுறேன்.

கதையைப் படிக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். குப்பத்துப் பையன், அப்பா போட்டுக்குக் கூலிக்குப் போறவரு, அம்மா மீன் கூடை தூக்குறவங்க. மாஸ்டர் தகரக் கொட்டாய்ல கிளப் நடத்துறாரு, இவனை ஆறாம் கிளாஸ்ல இருந்து எடுத்து வளக்குறாரு, முட்டை வாங்கிக் குடுக்குறாரு, ஸ்கூல் பீஸ் கட்டுறாரு. பையன் ஜெயிக்கிறான். அப்புறம் சென்னையில இருந்து ஒரு ஸ்பான்சர் வந்து பைக் வாங்கிக் குடுத்து கூட்டிட்டுப் போறாரு. அடுத்த ஸ்டேட் போட்டியில, அதே மாஸ்டரோட புதுப் பையனை இவன் ரெண்டாவது ரவுண்டுலயே கவுத்துடுறான், பாராட்டு விழா மேடையில மைக்கைப் புடிச்சு "எனக்கு குருன்னு யாரும் கெடையாது, என் கைதான் எனக்கு குரு"ன்னு சொல்றான், மாஸ்டர் கூட்டத்துக்குள்ள இருந்து எந்திரிச்சு வெளியில போறாரு. அந்த எடத்துல எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு, எனக்கும்தான். ஆனா அதுக்கு முன்னாடி வந்த வாரங்களை யாரும் திரும்பிப் பாக்கவே இல்லையே, அதுதான் என் வருத்தம்.

கதாசிரியர் நல்லா தெரிஞ்சவர்தான் எழுதுறாரு, அதை ஒத்துக்கணும். அந்த வெயிட் குறைக்கிற அத்தியாயம் இருக்கே, எனக்கு அப்படியே எங்க வீட்டைப் பாத்த மாதிரி இருந்துச்சு. பையன் இயல்பா 61 கிலோ இருக்குறவன். 60 கிலோ பிரிவுல நின்னா ஒரு கிலோதான் கொறைக்கணும், ஒரு நாள் ஓட்டத்துல போயிடும். ஆனா அந்த 60ல மாஸ்டர் வேற ஒரு பையனை எறக்குறாரு, கிளப்புக்கு பணம் குடுக்குற ஒரு பெரிய மனுஷனோட அக்கா மகன். ஒரு பிரிவுல ஒரு மாவட்டத்துக்கு ஒருத்தன்தான் போக முடியும், அதனால இவனை 57ல நில்லுன்னுடுறாரு. நாலு கிலோ, அஞ்சு நாள். இதை கதாசிரியர் ஒரே ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டாரு, மாஸ்டருக்கு வேற வழியில்லைங்கற மாதிரி. என்னைக் கேட்டா மொத்தக் கதைக்கும் திருப்பமே அந்த ஒரு வரிதான்.

நாலு கிலோவை அஞ்சு நாள்ல எறக்குறதுன்னா என்னன்னு வெளியில இருக்குறவங்களுக்குத் தெரியாது. அதுல கொறையிறது கொழுப்பு இல்ல, தண்ணி. மழைக்கோட்டு மாதிரி பிளாஸ்டிக் சட்டை, அதுக்கு மேல ஸ்வெட்டர், அதோட சில்வர் பீச் மணல்ல மத்தியான வெயில்ல ஓடுவானுங்க. ஓடி முடிச்சு ஸ்கிப்பிங். கடைசி நாள் எச்சியைக் கூட முழுங்க மாட்டானுங்க, கையில ஒரு பாட்டில் வெச்சிகிட்டு துப்பிக்கிட்டே இருப்பானுங்க, எச்சி ஊறணும்னு எலுமிச்சம்பழத்தை மோந்து பாப்பானுங்க. என் தம்பி ஒரு தடவை ராத்திரி எந்திரிச்சு வாயில தண்ணி ஊத்தி கொப்புளிச்சுத் துப்புறான், முழுங்கல, திரும்ப ஊத்துறான், திரும்பத் துப்புறான், ஒதடு ரெண்டும் வெடிச்சு வெள்ளையா இருக்கு, எங்கம்மா ஒரு வாய் முழுங்குடா சாமின்னு அழுவுறாங்க, அவன் அம்மாவைப் பாத்து கையெடுத்துக் கும்பிடுறான், பேசாம இரும்மான்னு. காலையில வெயிட் போடுற மெஷின்ல ஏறி எறங்கின பெறவு இளநி குடிச்சான் பாருங்க, கை நடுங்கி பாதி சட்டையில ஊத்திக்கிச்சு. அந்த ஒடம்போடதான் ரிங்குக்குள்ள ஏறி 3 நிமிஷம் 3 ரவுண்டு தலையில அடி வாங்கணும். ஒடம்புல தண்ணி இல்லாம இருக்குறப்போ தலையில விழுற அடி இன்னும் ஆபத்துன்னு எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவாரு.

எங்க கடைக்கே சின்னப் பசங்க வருவானுங்க, நீர் பிரியற மாத்திரை குடுங்கக்கான்னு. யாருக்குடான்னு கேட்டா தாத்தாவுக்கும்பானுங்க. எந்தப் போட்டி எப்பன்னு எனக்குத் தெரியும், குடுக்க மாட்டேன், திட்டி அனுப்பிடுவேன். ஃப்யூரோஸ்மைடு மாதிரி மாத்திரை எல்லாம் சீட்டு இல்லாம குடுக்கவே கூடாது, அது போக உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட தடைப் பட்டியல்ல இருக்கு, போட்டி அன்னைக்கு மட்டுமில்ல, எந்த நாள்ல போட்டாலும் குத்தம்தான். மாட்டினா பையனுக்குத்தான் வருஷக்கணக்குல தடை. சாப்பிடுன்னு சொன்ன ஆளு பேரு வெளியில வர்றது ரொம்பக் கொறைவு. நம்ம கதையிலயும் மாஸ்டர் "என்னமோ பண்ணு, காலையில 57 வரணும்"னுதான் சொல்றாரு. அந்த "என்னமோ"வுக்கு என்ன அர்த்தம்னு பசங்களுக்குத் தெரியும்.

அடுத்தது அந்த செமி ஃபைனல். 19 வயசு ஆயிட்டா பெரியவங்க பிரிவு. ஆம்பளைங்களுக்கு அதுல ஹெட்கார்டு, அதாவது தலைக்கவசம், கெடையாது, 2013ல எடுத்துட்டாங்க, 2016 ரியோ ஒலிம்பிக்லயே அது இல்லாமத்தான் ஆடுனாங்க. அதனால புருவம் கிழியிறது இப்ப சாதாரணம். கதையில பையனுக்கு ரெண்டாவது ரவுண்டுல தலை மோதி புருவம் கிழிஞ்சு ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குது. ரெஃப்ரி நிறுத்தி டாக்டரைக் கூப்புடுறாரு. டாக்டர் பையனைத்தான் கேக்குறாரு, தெரியுதாப்பான்னு. பதில் சொல்றது மாஸ்டர், "நல்லா தெரியுது சார், அவன் இதெல்லாம் பாத்தவன்". அப்புறம் கார்னர்ல ஸ்டூல்ல உக்காந்துகிட்டு பையன் "ஒரு பக்கம் மங்கலா இருக்கு மாஸ்டர்"ங்கறான், அவர் "மூணு நிமிஷம்தான்டா, எனக்காக"ங்கறாரு. பையன் போறான், ஜெயிச்சிட்டு வர்றான், மாஸ்டர் அவனைத் தூக்கி சுத்துறாரு. அந்த வாரம் வந்த லெட்டர்ல எல்லாரும் குரு பக்தின்னு புகழ்ந்திருந்தாங்க. அந்த "எனக்காக" எனக்கு தொண்டையில மாட்டிகிட்டு இன்னும் எறங்கல. 57ல நின்னதும் அவருக்காக, கண்ணு தெரியாம ஏறினதும் அவருக்காக. அவனுக்காகன்னு அவர் ஒரே ஒரு தடவை எதையாவது நிறுத்தினாரான்னு முதல் வாரத்துல இருந்து எடுத்து வெச்சு திரும்பப் படிச்சேன், எங்கயும் இல்ல.

என் தம்பி ராத்திரி செல்போன்ல பழைய ஃபைட் எல்லாம் போட்டுக் காமிப்பான். அதுல ஒண்ணு 1975 அக்டோபர்ல மணிலாவுல முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் ஆடுனது. 14 ரவுண்டு முடிஞ்சு போச்சு, கடைசி ரவுண்டு ஒண்ணுதான் பாக்கி. ஃப்ரேசியருக்கு கண்ணு வீங்கி வர்ற அடியே தெரியல, அப்பவும் நான் போறேன் போறேன்னு ஸ்டூல்ல இருந்து எந்திரிக்கப் பாக்குறாரு. அவரோட ட்ரெய்னர் எடி ஃபட்ச் தோள்ல கை வெச்சு உக்கார வெச்சிட்டாரு, போதும்னு சொல்லி ஃபைட்டையே நிறுத்திட்டாரு. உலக சாம்பியன் பட்டம் அந்த 3 நிமிஷத்துல இருந்துச்சு சார். ரிங்குல அடி வாங்கி செத்துப்போனவங்களை நேர்ல பாத்தவரு அவரு, தன் ஆளு வீட்டுக்கு உசுரோட போகணும், புள்ளைங்க முகத்தைப் பாக்கணும்னு நெனச்சாரு. குருன்னா அவரு. எங்க ஊரு மாஸ்டர் கிட்ட அவ்ளோ பெருசு எதுவும் கேக்கல, டாக்டர் கேள்விக்கு பையனைப் பதில் சொல்ல விட்டிருந்தா போதும்.

இப்படிச் சொல்றதால அந்த மாஸ்டர் செஞ்சதை எல்லாம் நான் தள்ளிடுறேன்னு நெனைக்காதீங்க. பொண்டாட்டி வளையலை அடகு வெச்சு ரிங் மேட் வாங்கினாரு, தானே புயல் அடிச்சு கொட்டாய் பறந்தப்போ பசங்களோட சேந்து தானே தகரம் ஏத்தினாரு, அந்த அத்தியாயத்தை நான் எங்கம்மாவுக்குப் படிச்சுக் காமிச்சேன். என் தம்பியோட கோச்சும் அப்படித்தான். சாயங்காலம் வேலை முடிச்சு வந்து பசங்க குத்துறதுக்கு கையில பேடு புடிச்சு தோள்பட்டையே போயிடுச்சு அவருக்கு. ஒரு நாள் தம்பிக்கு மூக்குல ரத்தம் நிக்கலன்னு அவர் வண்டியிலயே வெச்சு ராத்திரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு, நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள சீட்டு போட்டு ஊசி போட்டு உக்கார வெச்சிருந்தாரு. எங்கப்பா இல்லாத வீட்டுல அவர்தான் அப்பா மாதிரி இருந்தாரு. அதெல்லாம் மறந்தா நாங்க மனுஷங்களே இல்ல.

ஆனா தம்பி அவரை விட்டு வந்தான். எதுக்குன்னு கேளுங்க. அவன் பன்னெண்டாவது முடிச்சு காலேஜ் சேர்றப்போ ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல அப்ளை பண்ண சர்டிபிகேட் எல்லாம் வேணும். ஜில்லா லெவல், ஸ்டேட் லெவல் ஜெயிச்ச சர்டிபிகேட், போட்டி ரெக்கார்டு புக் எல்லாமே கோச் வீட்டு பீரோவுல. பத்திரமா இருக்கட்டும்னு அவர்தான் ஆரம்பத்துல இருந்து வாங்கி வெச்சிருந்தாரு, நாங்களும் நல்லதுக்குத்தானேன்னு இருந்தோம். தம்பி போயி கேட்டப்போ, எந்த காலேஜ்ல சேரப்போறன்னு கேட்டாரு. பாண்டிச்சேரி பக்கம்னான். அங்க போனா கிளப்பு மாறிடுவ, தர முடியாதுன்னுட்டாரு. அம்மா போனாங்க, நான் போனேன், பக்கத்து வீட்டு பெரியவரைக் கூட்டிட்டுப் போயி பேசிப் பாத்தோம், "எட்டு வருஷம் நான் போட்ட சோத்துக்கு கணக்கு சொல்லிட்டு வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க"ன்னாரு. எங்கம்மா அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல. அப்ளை பண்ற தேதி முடிஞ்சு போச்சு. அந்த வருஷம் தம்பி காலேஜ் சேரல, மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் பெட்டி தூக்கினான்.

இதையும் ஊர்ல யாரும் கேக்கல, அவன் கோச்சை விட்டுட்டு வேற எடத்துக்குப் போயிட்டான்ங்கறது மட்டும்தான் தெரிஞ்சுச்சு. நன்றி கெட்டவன்னு அவன் காதுபடவே பேசுனாங்க.

அந்த சர்டிபிகேட் வெறும் காகிதம்னு நெனைக்குறவங்களுக்காக சொல்றேன். தமிழ்நாட்டுல அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. ரயில்வே, ராணுவம், போலீஸ் எல்லாத்துலயும் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு. மத்திய அரசோட கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்துல தேர்வாகுற பசங்களுக்கு மாசம் 10,000 ரூபா கைச்செலவுக்கே வருது. கூலிக்குப் போற வீட்டுப் பையன் எதுக்கு மூக்கை ஒடைச்சிக்க வர்றான்? மெடல் மேல ஆசைதான், இல்லைன்னு சொல்லல, ஆனா வீட்டுல இருக்குறவங்க அனுப்புறது ஒரு வேலை கெடைக்கும்னுதான். அந்த வேலைக்குப் போற கதவோட சாவியை ஒருத்தர் தன் பீரோவுல வெச்சு பூட்டிகிட்டா, அப்புறம் அவர் என்ன சொன்னாலும் பையன் தலையாட்டித்தான் ஆகணும், 57ன்னா 57, கண்ணு மங்குனாலும் மூணாவது ரவுண்டு. நம்ம தொடர்கதையிலயும் ஒரு எடத்துல பையன் ஸ்பான்சரோட போறதுக்கு முந்தின நாள் "என் சர்டிபிகேட் மட்டும் குடுத்துடுங்க மாஸ்டர்"னு கேக்குறான், மாஸ்டர் பதில் பேசாம உள்ள போயி கதவைச் சாத்திக்கிறாரு. படிச்சவங்க எல்லாருக்கும் அது மாஸ்டரோட சோகமாத்தான் தெரிஞ்சிருக்கு. எனக்கு கதவுக்கு வெளியில நின்னவன்தான் தெரிஞ்சான்.

அந்த ஸ்பான்சரைப் பத்தி எனக்கும் நல்ல அபிப்பிராயம் இல்ல. பைக் வாங்கிக் குடுக்குறவன் எதுக்கு வாங்கிக் குடுக்குறான்னு பையன் யோசிச்சிருக்கணும். மைக் டைசன் கதை தெரிஞ்சவங்களுக்குப் புரியும். டைசனோட அம்மா செத்ததுக்கு அப்புறம் கஸ் டமாட்டோங்கற வயசான ட்ரெய்னர்தான் சட்டப்படி கார்டியனா இருந்து வளத்தாரு, 1985ல அவர் செத்துப் போனாரு, அடுத்த வருஷமே 20 வயசுல டைசன் ஹெவிவெயிட் உலக சாம்பியன். அப்ப கூட இருந்த ட்ரெய்னர் கெவின் ரூனி, அவரும் டமாட்டோகிட்ட கத்துகிட்டவர்தான். 1988 கடைசியில புதுசா சுத்தி வந்த ஆளுங்க பேச்சுல ரூனியை அனுப்பிட்டாரு. 1990 பிப்ரவரியில டோக்கியோவுல, யாருமே எதிர்பாக்காத பஸ்டர் டக்ளஸ்கிட்ட 10வது ரவுண்டுல விழுந்தாரு. அதனால பணத்தோட வர்றவங்க பின்னாடி போறது ஆபத்துங்கறது உண்மை. ஆனா விட்டுட்டுப் போறவங்க எல்லாம் அழிஞ்சுதான் போவாங்கன்னு இல்ல. பிலிப்பைன்ஸ் பாக்ஸர் மேனி பக்கியாவ் 2001ல இருந்து ட்ரெய்னர் ஃப்ரெடி ரோச்கிட்ட இருந்தவரு, 2018ல அவர் இல்லாமலே ஒரு ஃபைட் ஆடி ஜெயிச்சாரு, ரோச்சுக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, அடுத்த ஃபைட்டுக்கே ரெண்டு பேரும் மறுபடி ஒண்ணா நின்னாங்க. பக்கியாவ் கை ஒடைஞ்சு கால்ல விழல, ரோச்சும் கதவைச் சாத்திக்கல.

நம்ம நாட்டுலயே லவ்லினா போர்கோஹெய்ன் இருக்காங்க, டோக்கியோ ஒலிம்பிக்ல பாக்ஸிங்ல வெண்கலம் வாங்கினவங்க. 2022ல பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கு முன்னாடி, தன்னோட கோச் சந்தியா குருங்கை வீரர்கள் தங்குற கிராமத்துக்குள்ள விட மாட்டேங்கறாங்க, எனக்கு மனசளவுல தொந்தரவா இருக்குன்னு வெளிப்படையா எழுதுனாங்க. அதிகாரிங்களைப் பகைச்சுகிட்டு கோச்சுக்காக நின்னாங்க சார் அந்தப் பொண்ணு. புள்ளைங்களுக்கு நன்றின்னா என்னன்னு நாம சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, நல்லபடியா நடத்துனவங்களுக்காக அவங்க எதையும் எதிர்த்து நிப்பாங்க.

போன வார லெட்டர்ல ரெண்டு மூணு பேரு மகாபாரதத்தை இழுத்திருந்தாங்க, குருவை எதிர்த்தவன் உருப்பட்டதில்லைன்னு. நம்ம பக்கத்துல ஊருக்கு ஊரு திரௌபதி அம்மன் கோயில், சித்திரை வைகாசியில பாரதம் படிச்சு விடிய விடிய கூத்து பாத்து வளந்தவங்க நாம. விராட பர்வத்துல மாடுபிடி சண்டையில அர்ஜுனன் துரோணருக்கு எதிர்ல தேர்ல வந்து நிக்கிறானே, மொதல்ல அவர் காலடியில ரெண்டு அம்பு விட்டு கும்பிடுறான், அப்புறம் அவர்கூடவே சண்டை போடுறான். துரோணர் அதைப் பாத்து பூரிச்சுத்தான் போறாரு, துரோகின்னு சொல்லல. பீஷ்மர் அம்பை விஷயத்துல சொந்த குரு பரசுராமர்கூட 23 நாள் சண்டை போட்டாரு, தான் சரின்னு நெனச்சதை குரு சொல்லியும் விட்டுக் குடுக்கல. பீஷ்மரை யாரும் நன்றி கெட்டவர்னு சொல்றதில்லையே. குப்பத்துப் பையன் எதிர்த்து நின்னா மட்டும் எதுக்கு உடனே துரோகிங்கறோம்னு எனக்குப் புரியல.

மைக்குல அவன் பேசினது தப்பு. அதை நான் மழுப்ப மாட்டேன். என் கைதான் எனக்கு குருன்னு சொல்றது பொய், அந்தக் கையில மொத மொத பேண்டேஜ் சுத்தி விட்டது யாருன்னு ஊருக்கே தெரியும். அதுவும் அவர் தோத்துப்போன பையனைக் கூட்டிகிட்டு கீழ உக்காந்திருக்குறப்போ மேடையில இருந்து சொன்னது ரொம்பத் தப்பு. அந்தத் தோத்த பையனுக்கு இப்பத்தான் 19 வயசு ஆயிருக்கும் போல, அவனைப் பத்தி ஒருத்தரும் ஒரு வரி எழுதல, அவன் யாருக்காக அடி வாங்கினான்? மாஸ்டர் தன் மனக்கொதிப்புல, அனுபவமே இல்லாத புதுப் பையனை இவன் எதிர்ல எறக்கினாருங்கறது கதையிலயே இருக்கு. டிரா போட்டதும் வேணாம்னு விலக்கி இருக்கலாம். இல்லாட்டி மொத ரவுண்டுல அவன் அடி தாங்காம ரெஃப்ரி கவுண்டிங் எண்ணினப்பவே, டவலை உள்ள போட்டு ஃபைட்டை நிறுத்தியிருக்கலாம்.

என் தம்பி மைக்குல பேசல, ஒரு வார்த்தை கூட வெளியில சொல்லல. அடுத்த வருஷம் திரும்ப ஜில்லா போட்டி ஆடி, புதுசா சர்டிபிகேட் வாங்கி, பாண்டிச்சேரியில காலேஜ் சேந்துட்டான். இப்ப உப்பளம் மைதானத்துல காலையில ஓடுறான், அங்க இருக்குற கோச் உன் இயல்பான வெயிட்டுலயே நில்லு, அதான் உன் ஒடம்புன்னு சொல்லி இருக்காரு, வீட்டுல மூணு வேளையும் சோறு திங்கிறான். பழைய கோச்சை தெருவுல பாத்தா வண்டியை நிறுத்தி வணக்கம் மாஸ்டர்ங்கறான். அவர் முகத்தைத் திருப்பிக்கிறாரு. இவன் அடுத்த தடவையும் வணக்கம்ங்கறான். எனக்குத்தான் கோவம் வரும், அவனுக்கு வராது.

கதாசிரியருக்கு நான் கேக்குறது இதுதான். தொடர் ஆரம்பிச்சதுல இருந்து எல்லாமே மாஸ்டர் கண்ணு வழியாத்தான் பாக்குறோம். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், அந்தப் பையன் பேசட்டும். அந்த மூணாவது ரவுண்டுல அவனுக்கு என்ன தெரிஞ்சுச்சு, மைக்கை வெச்சிட்டு எறங்கினப்போ அவன் மனசுல என்ன ஓடுச்சு, அவன் அம்மா அன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட பேசினாங்களா, எழுதுங்க. அவன் சொல்றது எல்லாம் நியாயம்னு எழுத வேணாம், தப்பு அவன் பேர்லயும் இருக்கட்டும், ஆனா அவன் வாயால வரட்டும். கை ஒடைஞ்சு கால்ல விழுற முடிவு மட்டும் வேணாம் ஐயா. கடலூர்ல கிளப் நடத்துற ஒவ்வொருத்தரும் அந்த அத்தியாயத்தை வெட்டி செவுத்துல ஒட்டிடுவாங்க, பசங்க அதுக்குக் கீழதான் தெனம் ஸ்கிப்பிங் ஆடணும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்போர்ட்ஸ் பக்கத்துல கிரிக்கெட்டுக்குப் போற எடத்துல, வாரத்துல ஒரு கால் பத்தியாவது மாவட்ட பாக்ஸிங் ரிசல்ட்டுக்குக் குடுங்க. 1992ல பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு நம்ம தமிழ்நாட்டுல இருந்து பாக்ஸர் தேவராஜன் போனாருன்னு இங்க பேக் குத்துற பசங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. பேரும் வெயிட்டும் ரிசல்ட்டும் பேப்பர்ல அச்சாகி வந்துடுச்சுன்னா, சர்டிபிகேட் எவர் பீரோவுல இருந்தாலும் அந்தப் பையன் ஜெயிச்சதுக்கு ஊரறிய ஒரு சாட்சி இருக்கும்.

லெட்டர் பெருசா இருக்கு, எடம் பத்தாதுன்னா மத்ததை வெட்டிக்கோங்க, சர்டிபிகேட் பத்தி எழுதினதை மட்டும் வெட்டாம போடுங்க. காலேஜ் அட்மிஷன் நேரம் வருது. பன்னெண்டாவது முடிச்ச பாக்ஸர் பசங்க, கபடி ஆடுற பொண்ணுங்க, அவங்க வீட்டுல இருக்குறவங்க எல்லாரும் இப்பவே போயி ஒரிஜினலைக் கேட்டு வாங்கி, நகல் எடுத்து வீட்டுல வெச்சிக்கோங்க, கோச்சுக்கு வேணும்னா நகலைக் குடுங்க.

இப்படிக்கு,
ஒரு பாக்ஸரோட அக்கா,
கடலூர் முதுநகர்.